சிங்கப்பூரில் புதுக் கார்: ஷோரூமில் பேரம் பேசப் போகிறவர்களுக்கு

ஊரில் கார் வாங்கிப் பழகியவர்கள் இங்கே ஷோரூமில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “கடைசி விலை என்ன?” விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டுவார், எழுந்துபோய் மேலாளரிடம் ஏதோ பேசிவிட்டு வருவார், இரண்டாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்துக் காட்டுவார். நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் இந்த ஊரில் கார் விலையின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகிற பணம். அதில் விற்பனையாளர் கைவைக்க முடியாது. மேசைமேல் குறைத்த அந்த இரண்டாயிரத்தை சிஓஇ (பத்து ஆண்டுக்குக் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ்), கடன் வட்டி, பழைய வண்டியின் விலை என்று வேறு வழிகளில் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு நிறைய இடம் இருக்கிறது. அதனால் பேரம் நடக்க வேண்டிய இடம் ஒப்பந்தத் தாள்.

நாங்கள் வாங்கியபோது இதை வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. லெங் கீ சாலையிலும் உபியிலும் வாரக்கடைசிகளைத் தொலைத்துத்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

1. முதலில் வீட்டில் கணக்கு போடுங்கள்

ஒரு காரைப் பிடித்துவிட்டால், அதன் ஓஎம்வி எவ்வளவு என்று பாருங்கள். சிங்கப்பூர் சுங்கத்துறை அந்த வண்டிக்குப் போடும் இறக்குமதி மதிப்பு அது. நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ நடத்தும் ஒன்மோட்டரிங் தளத்தில் ‘கார் காஸ்ட் அப்டேட்’ என்ற பட்டியல் இருக்கிறது. பரவலாக விற்கும் மாடல்களின் ஓஎம்வி, வரிகள், அடக்கச் செலவு, விற்பனை விலை எல்லாம் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஷோரூமில் யாரும் இதைத் தாமாக எடுத்துக் காட்டமாட்டார்கள்.

ஓஎம்வி 22,000 வெள்ளி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம்.

சுங்க வரி ஓஎம்வியில் 20 விழுக்காடு: 4,400. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி: 2,376. அப்புறம் ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணம். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 250, 80,000க்கு மேல் 320 விழுக்காடு. நம் வண்டிக்கு 20,000மும், மிச்சம் 2,000க்கு 2,800மும் சேர்ந்து 22,800. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ 100,000 என்று வைத்துக்கொள்வோம் (சிறிய கார்களுக்கான ஏ பிரிவே அந்த எல்லையைத் தாண்டியதுண்டு). மொத்தம் 151,926 வெள்ளி.

ஷோரூமில் 178,000 என்று எழுதியிருந்தால், நடுவில் இருக்கும் 26,000 சொச்சம்தான் விற்பவரின் பங்கு. கடை வாடகை, விற்பனையாளர் கமிஷன், உத்தரவாதச் செலவு, அவர்கள் கட்டும் வரி எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்கள் பேசப்போவது இந்த 26,000த்தைப் பற்றி. 178,000த்தில் 2,000 குறைந்தால் பெரிதாகத் தோன்றாது. 26,000த்தில் 2,000 என்று பார்த்தால் விற்பவருக்கு எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்று புரியும்.

இந்தக் கணக்கில் விஇஎஸ் என்ற புகை வெளியீட்டுத் திட்டத்தைச் சேர்க்கவில்லை. காரைப் பொறுத்து அது தள்ளுபடியாகவும் வரும், கூடுதல் கட்டணமாகவும் வரும். தள்ளுபடி வரும் கார் என்றால், விளம்பர விலையில் அது ஏற்கனவே கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அரசாங்கம் தரும் தள்ளுபடியையே தங்கள் தள்ளுபடி மாதிரி பேசுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, கார் எந்த சிஓஇ பிரிவில் வருகிறது? என்ஜின் 1,600 சிசிக்குள்ளும் திறன் 97 கிலோவாட்டுக்குள்ளும் இருந்தால் ஏ பிரிவு. மின்கார் என்றால் 110 கிலோவாட் வரை ஏ. அதற்கு மேல் பி. ஒரே மாடலைத் திறன் குறைத்து ஏ பிரிவிலும், முழுத் திறனோடு பி பிரிவிலும் விற்பதுண்டு. நீங்கள் ஓட்டிப் பார்த்தது எது, விலை சொன்னது எதற்கு என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2. அதிகாரபூர்வ விற்பனையாளரா, இணை இறக்குமதியாளரா?

லெங் கீ, அலெக்சாண்டிரா சாலைப் பக்கம் இருக்கும் பளபளப்பான ஷோரூம்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர் நியமித்த அதிகாரபூர்வ விற்பனையாளர்களுடையவை. உபி, காக்கி புக்கிட் பக்கம், தாங்களாகவே வெளிநாட்டில் வாங்கி இறக்கும் இணை இறக்குமதியாளர்கள் அதிகம். ‘பிஐ’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பிஐயிடம் விலை குறையலாம், பேரத்துக்கும் இடம் அதிகம். ஆனால் உத்தரவாதத்தை யார் தாங்குகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். தயாரிப்பாளரா, அந்தக் கடையா, மூன்றாவது நிறுவனமா? கடையே தருகிற உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான்.

பிஐயிடம் வாங்குவதானால், கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் இருக்கிறதா என்று பயனீட்டாளர் சங்கமான கேஸின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம்மவர் ஒருவர் விற்பனையாளராக வாய்த்தால் பேச்சு இனிமையாக இருக்கும். “அண்ணே, உங்களுக்குன்னு தனியா போட்டுத் தரேன்” என்பார். காப்பியும் வரும். நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் தாளில் எழுதுவது கம்பெனியின் நிபந்தனைகள். தமிழில் சொன்ன வாக்குறுதி அதில் வராது.

3. பஞ்சாங்கத்தை மறைத்து வையுங்கள்

சிஓஇ ஏலம் வழக்கமாக மாதம் இருமுறை, முதல், மூன்றாம் வாரங்களில் நடக்கிறது. திங்கள் பகல் 12 மணிக்குத் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடியும். முடிவு வந்த ஒன்றிரண்டு நாளில் கடைகள் புது விலைப்பட்டியலைப் போடுகின்றன. ஏலத்துக்கு முந்தைய சனி, ஞாயிறில் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதும். “இந்த ஏலத்துக்குள் பதிந்தால்தான் இந்த விலை” என்ற அவசரமும் அப்போதுதான்.

விலை கேட்கப் போவதற்கு ஏலம் இல்லாத வாரத்தின் வேலைநாள் நல்லது. விற்பனையாளருக்கு உங்களோடு உட்கார நேரம் இருக்கும். பதிவை உறுதிசெய்ய மாதக் கடைசி நல்லது, அவர்களுக்கும் இலக்கு உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முன் எல்லாரும் புது வண்டி தேடுவார்கள். அவசரம் இல்லாவிட்டால் அது கழியட்டும்.

நம் வீடுகளில் ஆடி போகட்டும், ஆவணியில் எடுப்போம், தைப்பூசத்துக்கு முன் கோயிலில் பூஜை போட வேண்டும் என்று கணக்கு இருக்கும். இருக்கட்டும். அதை விற்பனையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு தேதி முக்கியம் என்று தெரிந்த மறுநிமிடம் பேரம் முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆண்டுக் கடைசியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விஇஎஸ் தள்ளுபடித் தொகைகள் பொதுவாக ஜனவரி 1ஆம் தேதி மாறுகின்றன, கணக்கில் எடுப்பதோ வண்டி பதிவான தேதியை. டிசம்பரில் பணம் கட்டி, ஜனவரியில் வண்டி பதிவானால் குறையும் தொகையை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

4. சிஓஇ: உண்மையான பேரம் இங்கேதான்

பெரும்பாலான கடைகள் சிஓஇயையும் சேர்த்தே விலை சொல்கின்றன. உங்கள் சார்பில் அவர்களே ஏலம் எடுப்பார்கள். இதில் இரண்டு வகை.

உறுதியளிக்கப்பட்ட சிஓஇ என்றால், சொன்ன விலைக்குள், சொன்ன காலத்துக்குள் கடை எடுத்துத் தர வேண்டும். ஏலத்தில் விலை ஏறினால் அது அவர்கள் தலைவலி. இதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள்.

உறுதியில்லாத சிஓஇ என்றால், ஒரு குறிப்பிட்ட தொகை வரைதான் ஏலம் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஏலம், அதற்கடுத்தது என்று ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கை வரை முயல்வார்கள். விலை குறைவாகத் தெரியும். ஆனால் புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு உங்களுக்குப் போன் வரும். “இன்னும் மூவாயிரம் போட்டால் கிடைச்சிடும், போடட்டுமா?” அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில், யோசிக்க நேரமில்லாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எவ்வளவு வரை ஏற்றலாம் என்று வீட்டில் முன்பே முடிவெடுத்து, அந்தத் தொகையைத் தாண்டமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு விலை சொன்ன ஒரு கடையில், சிஓஇ ஏறினால் நாங்கள் கட்ட வேண்டும், இறங்கினால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லாத தாளை நீட்டினார்கள். கேட்டதற்கு, “எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான்” என்று பதில். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம்.

இந்த ஏலத்தில் வென்றவர்கள் எல்லாரும் தாங்கள் கேட்ட தொகையைக் கட்டுவதில்லை. தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையைவிட ஒரு வெள்ளி கூடுதலாக, அந்தப் பிரிவில் எல்லாரும் ஒரே விலையைத்தான் கட்டுகிறார்கள். உங்கள் கடை 110,000 கேட்டு, ஏலம் 102,000த்தில் முடிந்தால், கட்டுவது 102,000தான். மிஞ்சிய 8,000 யாருக்கு? ஒப்பந்தத்தில் ‘சிஓஇ ரிபேட்’ என்ற கட்டம் இதைத்தான் சொல்கிறது. அதில் 105,000 என்று போட்டிருந்தால், 105,000க்குக் கீழே இறங்கிய தொகை, அதாவது 3,000, உங்களுக்குத் திரும்ப வரும். கட்டம் காலியாக இருந்தால் எதுவும் வராது.

ஆக, விலையில் ஆயிரம் குறையுங்கள் என்று கேட்பதைவிட, இந்த ரிபேட் அளவை ஐயாயிரம் உயர்த்துங்கள் என்று கேட்பது பலமுறை எளிதாக நடக்கும். ஏலம் இறங்காது என்று அவர் நம்பினால், அவரைப் பொறுத்தவரை அது இலவசமாகத் தருகிற சலுகை.

கையெழுத்திடும் முன் இவை தாளில் இருக்க வேண்டும்: உறுதியானதா இல்லையா, எத்தனை ஏலங்கள், எந்தத் தேதிக்குள், உச்சத் தொகை எவ்வளவு, ரிபேட் அளவு எவ்வளவு, கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்பும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போவது.

5. கடன்: மாதத் தவணையைப் பார்த்து மயங்காதீர்கள்

ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். அதைத் தாண்டினால் 60 விழுக்காடுதான். தவணைக் காலம் அதிகபட்சம் 7 ஆண்டுகள். இது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி, பேரத்துக்கு உட்பட்டதில்லை. ஓஎம்வி 20,000த்தை ஒட்டி இருக்கும் வண்டி என்றால் கவனம். சில நூறு வெள்ளி வித்தியாசத்தில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை பல ஆயிரம் ஏறிவிடும்.

நம் 178,000 வெள்ளி வண்டிக்கு 60 விழுக்காடு என்றால் 106,800 கடன், 71,200 கையிலிருந்து. வட்டி 2.78 விழுக்காடு என்பார்கள். கேட்கக் குறைவாக இருக்கும். ஆனால் இது முழுத் தொகைக்கும் ஏழு ஆண்டுக்கும் போடுகிற நிலை வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மொத்த வட்டி ஏறத்தாழ 20,780 வெள்ளி, மாதம் சுமார் 1,519. உண்மையான வட்டி விகிதம் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதே கடனை 2.28 விழுக்காட்டில் வாங்கினால் மொத்த வட்டி சுமார் 17,050. அரை விழுக்காட்டில் மூவாயிரத்து எழுநூறு வெள்ளி போகிறது. வண்டி விலையில் இதைக் குறைக்க எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

“எங்கள் கடனையும் காப்புறுதியையும் எடுத்தால்தான் இந்த விலை” என்பது இங்கே மிகச் சாதாரணம். கடனுக்கு அவர்களுக்கும் கமிஷன் உண்டு. கோபப்பட வேண்டாம். கடையின் கடனோடு ஒரு விலை, கடன் இல்லாமல் ஒரு விலை, இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வங்கியில் ஒரு விலை வாங்கி, ஏழு ஆண்டின் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். சில சமயம் கடையின் கடன்தான் லாபமாக வரும்.

கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால், அபராதம் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள். ‘ரூல் ஆஃப் 78’ முறையில் வட்டியின் பெரும்பங்கை ஆரம்ப ஆண்டுகளிலேயே கழித்துவிடுவதால், நடுவில் அடைத்தால் எதிர்பார்த்த அளவு மிச்சம் இருக்காது.

காப்புறுதிக்கும் தனியாக விலை கேளுங்கள். இங்கே முதல் கார், உரிமம் புதிது என்றால் உங்களுக்குக் கோரிக்கையின்மைத் தள்ளுபடி (இழப்பீடு கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகக் கிடைப்பது) இருக்காது, அதனால் தொகை அதிர்ச்சியாக இருக்கலாம். அதைக் கடைசி நாளில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

6. பழைய வண்டி இருந்தால்

அதைப் பற்றி ஆரம்பத்தில் பேசவே பேசாதீர்கள். புது வண்டியின் விலை தாளில் ஏறிய பிறகு எடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழையதற்கு மூவாயிரம் கூட்டிக் கொடுத்ததுபோல் காட்டிப் புதியதில் தள்ளுபடியை விழுங்கிவிடுவார்கள். உங்கள் வண்டியை இன்று பதிவு நீக்கினால் என்ன கிடைக்கும் என்பதை, அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக ஒன்மோட்டரிங்கில் பார்க்கலாம். அதற்குக் கீழே யாராவது விலை சொன்னால் பேச்சே வேண்டாம். இணையத்தில் ஏலமுறையில் வாங்கும் இடங்களிலும் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. தாள்களும் முன்பணமும்

கடனுக்குக் கேட்கப்படுபவை: அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், அண்மைய சம்பளச் சீட்டுகள், மத்திய சேம நிதி (மசேநிதி) பங்களிப்பு விவரம், உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வருமான வரி அறிவிப்பு. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வரி அறிவிப்புதான் முக்கியம். வேலை அனுமதியில் இருக்கிறவர்கள் கடப்பிதழும் அனுமதி அட்டையும் தர வேண்டும். அனுமதி முடியும் தேதியைப் பார்த்துத்தான் கடன் காலத்தை முடிவுசெய்வார்கள். ஊர் உரிமத்தோடு வந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே தங்குகிறவர்கள் அதைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்றியிருக்க வேண்டும். இதற்கு அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு உண்டு, தேதி கிடைக்க நேரமாகும். கார் தேடத் தொடங்கும்போதே அதையும் தொடங்கிவிடுங்கள்.

ஏ, பி பிரிவுகளில் ஒரு சிஓஇ ஏலத்துக்கு 10,000 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். கடை உங்களிடம் கேட்கும் முன்பணம் இதையொட்டி இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். குறைவாகக் கொடுக்கப் பேசுங்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்குப் பேநவ் செய்யச் சொன்னால் எழுந்துவிடுங்கள். ரசீதில் வண்டி மாடலும் ஒப்பந்த எண்ணும் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் ஓஎம்வி பற்றி ஒரு வரி இருக்கும். வண்டி வந்து சேர்ந்ததும் சுங்கத்துறை போடும் மதிப்பு, உங்களிடம் சொன்னதிலிருந்து மாறலாம். குறைந்தால், பின்னாளில் பதிவு நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் கழிவும் (கட்டிய ஏஆர்எஃபில் திரும்பி வரும் பங்கு) குறையும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுத் தேய்மானம் இவ்வளவுதான் என்று யாராவது அழகாகச் சொன்னால், பார்ஃபை எந்த விகிதத்தில் எடுத்துக் கணக்கிட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இந்த விதிகள் மாறியிருக்கின்றன, பழைய அட்டவணையை வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு.

இலவசங்கள்: சோலார் ஃபிலிம், முன்பக்கக் கேமரா, தரைவிரிப்பு, பெட்ரோல் கூப்பன், முதல் சில சர்வீஸ். பிராண்டும் அளவும் எழுதப்படாத இலவசம் எதுவும் கணக்கில் சேராது. ஃபிலிமில் மட்டும் ஒரு சட்டம் இருக்கிறது. முன்கண்ணாடியிலும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளிலும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும், மற்றவற்றில் 25. ஊர் வண்டி மாதிரி கறுப்பாக ஒட்டித் தரச் சொல்லாதீர்கள்.

8. வண்டி எடுக்கும் நாள்

சிஓஇயின் பத்து ஆண்டுகள் பதிவான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அதனால் வண்டி முழுத் தயாராகும்வரை பதிவு செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவு செய்துவிட்டு, ஃபிலிம் ஒட்டவில்லை, கேமரா வரவில்லை என்று இரண்டு வாரம் கடையில் நிற்கும் வண்டிக்கும் உங்கள் பணம்தான் கரைகிறது.

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ராகுகாலம் பார்த்து மாலை ஏழு மணிக்கு நேரம் குறித்தால் சிராய்ப்பு கண்ணுக்குப் படாது. என்ஜின், சேசிஸ் எண்களை எல்டிஏ பதிவு விவரத்தோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பு ஆண்டு, டயர்களில் அச்சடித்த வாரமும் ஆண்டும், ஓடிய தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். பேசிய இலவசங்களைத் தாளை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஏதாவது பாக்கி இருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் அதை எழுதி, தேதியும் போட்டு வாங்குங்கள். சாவி கைக்கு வந்த பிறகு விற்பனையாளர் போன் எடுக்கும் வேகம் குறைந்துவிடும்.

முதல் ஆறு மாதங்களில் பெரிய குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. முதலில் கடைக்கு எழுத்தில் புகார், அப்புறம் கேஸ், அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. ஒப்பந்தம், ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்; போனை மாற்றும்போது அந்த உரையாடல்கள் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.